பாட்டு யார் கையில்?

பேசிய சொல்லும் பாடிய பாட்டும் வாயை விட்டு வெளிப்பட்ட மறுகணமே காற்றோடு கலந்து மறைந்துவிடும் என்பது, 1877-ஆம் ஆண்டு வரை மனித குலம் ஐயமின்றி அறிந்திருந்த செய்தி. அவ்வாண்டில்தான் அமெரிக்கரான தாமஸ் ஆல்வா எடிசன், வெள்ளீயத் தாள் சுற்றிய ஓர் உருளையில் தம் குரலைப் பதித்து, அதனைத் திரும்பவும் ஒலிக்கச் செய்தார். அடுத்த ஆண்டு, தம் கருவி எவற்றுக்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியலையும் பத்திரிகையொன்றில் எழுதினார். அப்பட்டியலைப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பாட்டு அதில் முதலிடத்தில் இல்லை. கடிதத்தை வாயால் சொல்லிப் பதிந்து அனுப்புவது, கண் பார்வையற்றோருக்கு நூல்களைக் கேட்கச் செய்வது, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகே பாட்டு வருகிறது. அதனை ஒட்டியே வருவது 'குடும்பப் பதிவேடு'. ஒரு வீட்டார் தம் பெரியோரின் பேச்சையும் நினைவுகளையும், மரணப் படுக்கையில் கிடப்போரின் இறுதிச் சொற்களையும் அவர்கள் குரலிலேயே சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்றார் எடிசன்.

ஆக, ஒலிப்பதிவுக் கருவி பிறந்தபோது அது தந்த வாக்குறுதி ஒன்றுதான்: குரலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் இவ்வேளையில் அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்பதைப் பார்ப்பது பயனுடையது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் கோடிக்கணக்கான பாட்டுகளைக் கேட்கிறார்கள். அவற்றுள் ஒன்றுகூட அவர்களுடையதன்று. இந்நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. படிப்படியாக வந்தது.

எடிசனின் உருளைக்கு ஒரு குறை இருந்தது. ஒன்றைப் பார்த்து ஆயிரம் செய்வது கடினம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் என்பவர் 1887-இல் உருளையை விடுத்துத் தட்டையான தட்டைக் கையாண்டார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை, தோசை வார்ப்பது போல வார்த்தெடுக்க முடிந்தது. கிராமபோன் வணிகம் என்பது அன்றுதான் தொடங்கியது எனலாம்.

அவ்வணிகம் இந்தியாவுக்கு வந்தது 1902-இல். லண்டனிலிருந்து புறப்பட்ட ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் அவ்வாண்டு கல்கத்தாவில் வந்திறங்கினார். நவம்பர் மாதத்தில் அவர் பதிந்த குரல்களுள் புகழ் பெற்றது கௌஹர் ஜானின் குரல். ஆர்மீனியக் கிறித்தவக் குடும்பத்தில் ஏஞ்சலினா என்ற பெயரோடு பிறந்து, தாயார் இஸ்லாத்தைத் தழுவியபோது தாமும் தழுவி, கௌஹர் ஜான் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அவர். அந்நாளில் மைக் இல்லை. மின்சாரப் பதிவு 1925-இல்தான் வந்தது. சுவரிலிருந்து நீண்டிருக்கும் பெரிய கொம்புக் குழாயின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். மணிக்கணக்கில் விரித்துப் பாடப்படும் ராகத்தை மூன்றே நிமிடங்களுக்குள் சுருக்க வேண்டும். பெரிய வித்துவான்கள் பலர் இதற்கு உடன்படத் தயங்கினர். கௌஹர் ஜான் தயங்கவில்லை. ஆலாபனையைச் சுருக்கி, பாட்டின் உயிர்நாடியை மட்டும் எடுத்து, மூன்று நிமிடத்தில் நிறைவாக முடிக்கும் கலையை அவர் தாமே வகுத்துக்கொண்டார். பாடி முடித்ததும் ஆங்கிலத்தில் தம் பெயரையும் உரக்கச் சொல்வார். பதிவு அச்சுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் போய்த்தான் தட்டுகளாகும். அங்கிருப்போர் யாருடைய பாட்டு என்று அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டுமல்லவா? தட்டுக்கு வேண்டிய அரக்கோ பெரும்பாலும் இந்தியக் காடுகளில் விளைந்தது. நம் அரக்கு மேற்கே போய், நம் பாட்டைச் சுமந்துகொண்டு கிழக்கே திரும்பியது. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்ட பிறகுதான் இந்தச் சுற்றுப்பயணம் குறைந்தது.

சுமார் 600 பதிவுகள் செய்த அந்த அம்மையார், 1930 ஜனவரியில் மைசூரில் காலமானார். இறுதி நாட்களில் செல்வமும் சுற்றமும் அவரிடம் இல்லை. அவருடைய தட்டுகள் மட்டும் யார் யார் வீட்டிலோ சுழன்றுகொண்டிருந்தன. கலைஞருக்கும் கருவிக்கும் உள்ள கணக்கு முதல் நாளிலிருந்தே நேராக இருந்ததில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தட்டு வந்ததனால் எல்லாருடைய வீட்டிலும் பாட்டு வந்துவிட்டது என்று எண்ணலாகாது. கிராமபோன் பெட்டி ஊருக்கு இரண்டு மூன்று பெரிய வீடுகளில் இருக்கும். ஏனையோர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தும், தேநீர்க் கடையில் நின்றும், பின்னாளில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும்தான் கேட்டார்கள். பாட்டு ஒருவருடைய உடைமை. ஆனால் கேட்பது ஊரே கேட்டது.

பிறகு வந்த வானொலி இதனை மேலும் பொதுவாக்கிற்று. 1952-இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டைக் கைவிட, அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. விழித்துக்கொண்ட அரசு 1957-இல் விவித பாரதியைத் தொடங்கிய பின்னும், தமிழகத்தின் தென்கடற்கரை ஊர்கள் கொழும்பை விடவில்லை. பி. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் திருத்தமான தமிழ் உச்சரிப்பைக் கேட்பதற்காகவே பெட்டியைத் திருப்பியவர்கள் உண்டு. வானொலிப் பாட்டு யார் கையிலும் இல்லை. அது வரும் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து கேட்டது மனத்தில் தங்கிற்று.

கேட்பவர் கைக்குப் பாட்டு உண்மையாகவே வந்து சேர்ந்தது கேசட்டினால்தான். ஹாலந்து நாட்டின் ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் இதனை வெளியிட்டது. பின்பு மற்ற நிறுவனங்களும் உரிமைத்தொகை இன்றிச் செய்துகொள்ள இடமளித்தது. வணிக உலகில் அரிதான இந்தத் தாராளமே, உள்ளங்கை அகலப் பெட்டியை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. தட்டைக் கேட்கத்தான் முடியும். கேசட்டிலோ கேட்கவும் முடியும், பதியவும் முடியும், அழித்துவிட்டு மறுபடியும் பதியவும் முடியும். கேட்பவனே பதிவாளனும் ஆனான். எடிசன் 1878-இல் எழுதியது நூறாண்டு கழித்து ஏழை வீட்டிலும் நடந்தது.

நம் மக்களிடையே அது எப்படி நடந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் அரபு நாடுகளுக்குச் சபர் போனவர்கள் திரும்பி வரும்போது, வாசனைப் புட்டிகளோடும் சேலைகளோடும் 'டூ இன் ஒன்' ஒன்றையும் தோளில் சுமந்து வந்தார்கள். அதற்கு முன்பே கேசட்டுகள் வரத் தொடங்கியிருக்கும், கடிதமாக. எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவுக்கு மகன் அறையில் தனியாக அமர்ந்து பேசி அனுப்புவான். ஊருக்கு வரும் யாரேனும் ஒருவர் பயணப் பெட்டியில் அதைக் கொண்டுவந்து கொடுப்பார். வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். மனைவிக்கென்று சொன்ன இரண்டு வார்த்தை வரும்போது பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிறகு அதே கேசட்டின் மறுபக்கத்தில் பிள்ளைகளின் மழலையையும் உம்மாவின் அழுகையையும் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். நம்மவருக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. மலையாள நாட்டிலும் இருந்தது.

பாட்டுலகிலும் கேசட் செய்த மாற்றம் பெரிது. அதுவரை இந்திய இசைத்தட்டு வணிகம் பெரும்பாலும் எச்.எம்.வி. என்னும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. எதைப் பதிவது, எதைப் பதியாமல் விடுவது என்பதை ஒரு சிலரே தீர்மானித்தார்கள். கேசட் பதிக்கப் பெரும் ஆலை வேண்டியதில்லை. சிறு முதலும் ஓர் அறையும் போதும். வட்டாரப் பாட்டுகள், பக்திப் பாட்டுகள், நாட்டுப் பாடல்கள் எல்லாம் சந்தைக்கு வந்தன. டில்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார், மலிவு விலைக் கேசட்டுகளால் டி-சீரிஸ் என்னும் பேரரசையே எழுப்பினார். 1997-இல் பம்பாயில் கொலையுண்டார். இந்தக் கேசட் யுகத்தைப் பற்றிப் பீட்டர் மானுவல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1993-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். தமிழில் நாகூர் இ. எம். ஹனீபாவின் வெண்கலக் குரல் தட்டிலும் மேடையிலும் முன்பே ஒலித்ததுதான். ஆயினும் நோன்பு மாதத்து இரவுகளில் தெருவுக்குத் தெரு அது ஒலித்ததற்கும், துபாயிலும் கோலாலம்பூரிலும் தனியறைவாசிகளுக்குத் துணையாக இருந்ததற்கும் கேசட்டே காரணம். 2015 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, சமய வேறுபாடின்றிப் பலரும் முதலில் நினைவுகூர்ந்தது அப்பாட்டுகளைத்தான்.

திருட்டுப் பதிவும் கேசட்டோடு கூடப் பிறந்ததே. ஒருவர் வாங்கினால் தெருவே பிரதி எடுத்துக்கொண்டது. அதை நாம் யாரும் பாவமாகக் கருதியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேட்பவர் காதோடு பாட்டு அடங்கிப்போயிற்று. திண்ணைக்குத் திரும்பாத பயணம் அது.

1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியை எண்களாக மாற்றிற்று. ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து எண்களாக எழுதிவைப்பது அதன் முறை. இதன் விளைவை அந்நாளில் இசை நிறுவனங்களே உணரவில்லை. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்தால் பிரதிக்குப் பிரதி ஒலி மங்கும். எண்ணைப் பிரதி எடுத்தால் மங்காது. ஆயிரமாவது பிரதியும் மூலமே. பின்னர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கழகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர், மனிதச் செவி கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டுப் பாட்டை ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் 'எம்.பி.3' முறையைச் செம்மை செய்தார்கள். சூசன் வேகா என்னும் பாடகியின் பக்கவாத்தியமற்ற தனிக்குரலை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, அது கெடாமல் சுருங்குகிறதா என்று சோதித்தார்களாம். சுருங்கிய பாட்டு தொலைபேசிக் கம்பி வழியே பயணம் செய்யத் தொடங்கியது. 1999-இல் தொடங்கிய 'நாப்ஸ்டர்' என்னும் இணையச் சேவை, ஒருவர் கணினியில் உள்ள பாட்டை உலகில் எவரும் எடுத்துக்கொள்ள வழி திறந்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்து 2001-இல் அதை மூடச் செய்தன. ஆனால் திறந்த கதவு திறந்ததுதான். 2003-இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டுக்கு 99 செண்ட் என்று விலை வைத்து விற்றுப் பார்த்தது. நம் ஊர்களில் அந்த நாகரிகம் எட்டவேயில்லை; நூறு பாட்டு அடங்கிய எம்.பி.3 தட்டு நடைபாதையில் கிடைத்தது. பிறகு கைப்பேசிக் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் சிறு தொகைக்குப் பாட்டை நிரப்பிக் கொடுத்தார்கள். நேர்வழியோ குறுக்குவழியோ, அதுவரை பாட்டு நம் கைப்பொருளாகவே இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததே 'ஸ்ட்ரீமிங்'. சுவீடன் நாட்டில் 2006-இல் அமைந்து 2008-இல் சேவையைத் தொடங்கிய 'ஸ்பாட்டிஃபை' இதில் முன்னோடி. திருட்டை ஒழிப்பதற்கு, திருடுவதைவிட எளிதான ஒரு வழியைத் தருவதே உபாயம் என்று அவர்கள் கண்டார்கள். பாட்டு நம் கருவிக்கு வந்து தங்குவதில்லை. எங்கோ இருக்கும் கணினியிலிருந்து துண்டு துண்டாக ஓடி வந்து, ஒலித்து, மறைந்துவிடுகிறது. குழாய் நீர் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். குடம் நம்மிடம் இல்லை. 'இறக்கி' வைத்துக்கொள்ள வழி உண்டென்பார்கள். சந்தா நின்றால் இறக்கி வைத்ததும் ஊமையாகிவிடும். நாம் விலை கொடுத்து வாங்குவது பாட்டையன்று, கேட்பதற்கான அனுமதியை. 2023-ஆம் ஆண்டு கணக்கின்படி, பதிவிசையால் உலகெங்கும் ஈட்டப்பட்ட வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வழியே வந்தது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கிய பின் இது வெள்ளமாயிற்று. திரைப்படமும் இதே வழியில் சென்றது. தட்டுகளை அஞ்சலில் அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் 2007-இல் இணைய வழியிலும் படங்களைத் தரத் தொடங்கியது. கொரோனாவால் கொட்டகைகள் மூடிக்கிடந்த 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' என்னும் தமிழ்ப்படம் கொட்டகையைத் தொடாமலே வீட்டுக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டில் பாட்டின் உருவமே மாறுவதைக் காண்கிறோம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 நொடியாவது கேட்டால்தான் அது கேட்டதாகக் கணக்கில் ஏறும். ஆகவே அந்த 30 நொடிக்குள் கேட்பவரைக் கட்டிப்போட வேண்டும். நீண்ட தொடக்க இசை போயிற்று. பல்லவி முன்னே வந்துவிட்டது. பாட்டும் குறுகி வருகிறது. கௌஹர் ஜானுக்கு மூன்று நிமிடம் என்று எல்லை வகுத்தது அரக்குத் தட்டு. இன்றைய பாடகருக்கு எல்லை வகுப்பது ஒரு கணக்குப் புத்தகம். முன்னதைப் பொருளின் இயல்பு என்று பொறுத்துக்கொள்ளலாம். பின்னதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு வேறு விதத்திலும் கோணலானது. நான் ஒரு மாதம் முழுவதும் ஒரே பாடகரைக் கேட்டாலும் என் சந்தாப் பணம் அவருக்குப் போவதில்லை. எல்லார் பணமும் ஒரே குவியலாகச் சேர்ந்து, மொத்தத்தில் யார் எத்தனை முறை கேட்கப்பட்டாரோ அவ்விகிதப்படி பங்கிடப்படுகிறது. 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒன்றுமே இல்லை என்றும் விதித்துவிட்டார்கள். சிற்றூரில் இருந்துகொண்டு சிறு கூட்டத்துக்குப் பாடுபவரின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆயிரம் கேசட் விற்றால் அவர் அன்று பிழைத்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி, அனுமதியைத் தந்தவர் திரும்பப் பெற்றால் என்ன ஆகும் என்பது. 2009 ஜூலையில் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த மின்னூல்கள் சிலவற்றை, உரிமைச் சிக்கல் காரணமாக, அவர்கள் கருவிகளிலிருந்து தானே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிக்கப்பட்டவை ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் என்பது கதையாசிரியனும் கற்பனை செய்யத் துணியாத பொருத்தம். 2019-இல் 'மைஸ்பேஸ்' என்னும் தளம், 2015-க்கு முன் பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாட்டுகள் இடமாற்றத்தின்போது தொலைந்துவிட்டதாகத் தெரிவித்தது. கோடிக்கணக்கான பாட்டுகள் என்று மதிப்பிட்டார்கள். வீட்டில் பிரதி வைத்துக்கொள்ளாத இளங்கலைஞர்கள் பலர் தம் முதற்பாட்டை அத்துடன் இழந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. தட்டும் நாடாவும் அழியாதவை அல்ல. 2008 ஜூன் முதல் நாள் ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் பற்றிய தீயில் இசைப் பதிவுகளின் மூலநாடாக்கள் எரிந்தன. அதன் பேரளவு பதினோராண்டு கழித்தே வெளியில் தெரிந்தது. தனியார் சிலர் பழைய கடைகளில் தேடிப் பிடித்த தட்டுகளைத் துடைத்து, ஓடவிட்டு, யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் கௌஹர் ஜானின் குரலை இன்று நீங்களும் நானும் காசின்றிக் கேட்கிறோம். அன்று சீமான் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்று கேட்டவரின் பேரன், இன்று எவர் தயவுமின்றி எதையும் கேட்கிறான். இதைச் சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனினும் மக்கள் மனம் முற்றிலும் ஓடையோடு போய்விடவில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. பழைய எச்.எம்.வி.யின் இந்திய வாரிசான சரிகம நிறுவனம் 2017-இல் 'காரவான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றம், உள்ளே 5,000 இந்திப் பாட்டுகள், இணையம் வேண்டாம். தமிழ்ப் பாட்டுகளோடும் பின்பு வந்தது. அதிலுள்ள பாட்டுகளுள் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. இருந்தும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். முதியோர் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கேசட் இருக்கிறது. கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. இது எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. வாப்பா சபரிலிருந்து பேசி அனுப்பிய அந்தக் கேசட்டின்மேல், தம்பி ஒருநாள் வானொலியிலிருந்து சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டான். உம்மா அவனை ஒன்றும் சொல்லவில்லை. மறுவருடம் வாப்பா ஊருக்கு வரத்தானே போகிறார் என்று இருந்துவிட்டோம். வந்தார், பின்னர் பல ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அவர் மௌத்தான பிறகுதான் அக்கேசட்டைத் தேடி எடுத்தோம். நாடா சுருங்கி வெளியே வந்திருந்தது. பென்சிலை நடுவட்டத்தில் செருகிச் சுற்றி உள்ளே விட்டு, ஒரு பழைய கருவியில் ஓடவிட்டோம். நான்காம் பாட்டு முடிந்து ஐந்தாவது தொடங்கும் முன், தம்பி பொத்தானை நிறுத்தி மீண்டும் அழுத்தியதற்கிடையே, வாப்பாவின் குரல் சில நொடிகள் மிஞ்சியிருக்கிறது. "...கிணத்தடிய மொழுகச் சொல்லு, புள்ளைங்க வழுக்கி..." என்று தொடங்கி அதற்குள் பாட்டு வந்துவிடுகிறது.

தம்பியின் மகன் அதைக் கைப்பேசிக்கு மாற்றித் தந்திருக்கிறான். முன்னும் பின்னும் உள்ள அந்த இரண்டு பாட்டுகளையும் வெட்டிவிடலாமா என்று கேட்டான். அவை எந்தச் செயலியிலும் கிடைக்கின்றனவாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று உம்மா சொல்லிவிட்டார்கள்.